மூன்றே முக்கால் கிராம்: எமதூரின் இருட்டறை வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்ரீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன்னர் எமதூரின் வயற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டை உடைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். அந்த வீட்டு மூத்தம்மா மௌத்தாகிச் சில காலம் ஆகிறது. அவரது அலுமாரியின் அடித்தட்டில் மூன்று பிஸ்கட் டின்கள் இருந்தன. இரண்டு டின்கள் நிறையக் கடதாசி உறைகள், உறைகளுக்குள் நெகட்டிவ்கள். மூன்றாவது டின்னில் மட்டை கிழிந்த ஒரு கொப்பியும், படம் பிடித்தும் கழுவப்படாத ஒரு பிலிம் சுருளும். பேரப்பிள்ளை டின்களைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"சேர், பொம்பிளைகள்ற படம் நிறையக் கிடக்கு. எரிச்சிரச் சொல்றாங்க. எரிக்கிறதா வேணாமா எண்டு நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கொப்பியை ஓர் இரவு வைத்துக்கொள்ளக் கேட்டோம். அந்த ஓர் இரவு, இரண்டு மாதத் தேடலாகிவிட்டது.

அந்த மூத்தம்மாவின் கணவரை ஊரில் எல்லோரும் 'படக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். இளம் வயதில் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளாக நின்று தொழில் பழகியவர். ஊருக்குத் திரும்பி வரும்போது ஒரு பெட்டிக் கமராவும், தொழில் தெரிந்த இரண்டு கைகளும்தான் அவரது முதல்.

1972இல் தேசிய அடையாள அட்டை வந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ் வந்த அட்டை அது. அட்டைக்குப் படம் வேண்டும். ஆண்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டார்கள். எமதூர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்? முன்பின் தெரியாத ஓர் ஆணின் முன்னால் போய் உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, அந்தப் படம் யாருடைய லாச்சியில் கிடக்கும், யார் யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்பது. உருவப்படம் கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நாங்கள் இங்கே போகவில்லை. அட்டை கட்டாயம், படமும் கட்டாயம். மிஞ்சியிருந்தது, அதை எப்படி மானத்தோடு செய்வது என்ற கேள்விதான்.

எமதூர் மூத்தம்மாமார் நால்வரிடம் தனித்தனியாகக் கேட்டோம். நால்வரும் ஒரே கதையைச் சொன்னார்கள். படக்காரர் வருவார், மண்டபத்தில் வெள்ளைச் சீலையைக் கட்டுவார், கதிரையைப் போடுவார், கமராவைச் சரிபார்த்து வைத்துவிட்டு வளவுக்குள் இறங்கிப் போய்விடுவார். படத்தை அமத்துவது அவருடைய மனைவி. பிலிமைக் கழுவியதும் மனைவிதான். அவர்கள் வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. இரவில் கதவு இடுக்கெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, அதற்குள் அவர் தனியே வேலை செய்வார். ஒரு நெகட்டிவ்கூட அந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

படங்களின் பின்புறம் இருப்பது கணவரின் றப்பர் முத்திரை மட்டும். கழுவிய கையின் பெயர் எங்கேயும் இல்லை.

இனிக் கொப்பிக்கு வருவோம்.

கொப்பி முழுவதும் அறபுத்தமிழ். இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: அறபுத்தமிழ் என்பது தமிழ் மொழியை அறபு எழுத்துக்களால் எழுதும் முறை. தமிழுக்கே உரிய ஒலிகளுக்கென்று அறபு எழுத்துக்களில் கூடுதல் அடையாளங்கள் இடுவார்கள். பாடசாலைக்குப் போகாமல் ஓதப் பள்ளிக்கு மட்டும் போன எங்கள் முந்திய தலைமுறைப் பெண்களில் பலருக்கு, வாசிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். இன்று ஊரில் அதைச் சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஓய்வுபெற்ற ஒரு மௌலவி ஹஸ்ரத் எங்களோடு மூன்று பின்னேரம் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துத் தந்தார். அல்லாஹ் அவருக்கு ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும்.

முக்கால்வாசிப் பக்கங்களில் பெயர்களும் உறை இலக்கங்களும். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. மெற்றோல் ஒன்றரை. சல்பைற் எழுபத்தைந்து. கினோன் மூன்றே முக்கால். வெண்காரம் ஒன்றரை. கீழே 'ஒரு போத்தல்' என்றும், அதற்கும் கீழே 'மூன்று தஸ்பீஹ்' என்றும் எழுதியிருந்தது.

மூன்றே முக்கால் என்பது விசித்திரமான ஓர் அளவு. இப்படி ஓர் அளவை யார் கொடுப்பார்? விடையைக் கண்டுபிடித்தவர் ஏ.எல். இரசாயனவியல் படிக்கும் எங்கள் மாணவி ஒருவர். "சேர், போத்தல் எண்டா 750 மில்லிலீற்றர். எல்லாத்தையும் ஒரு லீற்றருக்கு மாத்திப் பாப்பமே" என்றார். மாற்றினோம். மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம்.

இது டி-76. கறுப்பு வெள்ளைப் படத்தின் வரலாற்றில் ஆகப் புகழ்பெற்ற டெவலப்பர்களில் ஒன்று. அமெரிக்காவில் கொடக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஜோன் கேப்ஸ்டாஃப் என்பவர் 1927இல் சினிமா நெகட்டிவ் வேலைக்காக உருவாக்கியது. கொடக் அந்தச் சூத்திரத்தை ஒளிக்காமல் அச்சிட்டு வெளியிட்டது. இங்கிலாந்தின் இல்ஃபேட் நிறுவனம் அதே கலவையை ஐடி-11 என்ற பெயரில் விற்றது. உலகின் பெரிய ஸ்டூடியோக்கள் பயன்படுத்திய அதே மருந்தைத்தான் எமதூரின் ஒரு மூத்தம்மா எண்ணெய்ப் போத்தல் கணக்கில் கலக்கி, அறபு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த மருந்து எப்படி உருவானது என்ற கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். 'கமரா' என்ற சொல் அறபுச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு செய்தி அடிக்கடி பகிரப்படுகிறது. அது பிழை. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இப்னுல் ஹைதம் அவர்களின் பெருமைக்கு அந்தப் பிழை தேவையும் இல்லை. சிறு துவாரத்தினூடாக இருட்டறைக்குள் விழும் உருவத்தை, சூரிய கிரகணத்தின்போது விழும் பிறை வடிவத்தைக்கூட, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கணித்து ஆராய்ந்தவர் அவர். அவருடைய கிதாபுல் மனாழிர் ஐரோப்பாவின் ஒளியியலுக்கே அடித்தளங்களில் ஒன்று. ஆனால் உருவம் சுவரில் விழுவது ஒன்று, அதைப் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. நிறுத்துவதற்கு மனிதனுக்கு இன்னும் 800 ஆண்டுகள் எடுத்தன.

வெள்ளி உப்புக்கள் வெளிச்சத்தில் கறுக்கும் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். இங்கிலாந்தில் ஹென்றி ஃபொக்ஸ் டால்பட் அந்த உப்பைக் கடதாசியில் பூசிக் கமராவுக்குள் வைத்தார். உருவம் தானாகக் கறுத்துத் தெரிவதற்கு மிக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். 1840இல் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். கொஞ்ச நேரமே வெளிச்சம் பட்ட கடதாசியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காலிக் அமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் கலந்த கரைசலைத் தடவினால், ஒளிந்திருந்த உருவம் மெல்ல மெல்ல மேலே வரும். மணிக்கணக்கு நிமிடக் கணக்காகச் சுருங்கியது. 

அந்தக் காலிக் அமிலம் எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? மாசிக்காயிலிருந்து. பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கவும் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து செய்யவும் எங்கள் உம்மாமார் சரக்குக் கடையில் வாங்கும் அதே மாசிக்காய். உலகின் முதல் டெவலப்பர்களில் ஒன்றின் மூலப்பொருள் எமது மருந்துப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

1851இல் ஃபிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசும் முறையைக் கொண்டுவந்தார். தட்டின் ஈரம் காய்வதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், பூசி, படம் பிடித்து, கழுவியும் முடிக்க வேண்டும். அதற்குப் பயன்பட்ட மருந்துகளில் ஒன்று அன்னபேதி. அந்தக் காலத்தில் படக்காரர் என்றால் மருந்து கலக்கத் தெரிந்தவர் என்றுதான் அர்த்தம். வேறு வழியே இல்லை.

அப்படிக் கலக்கிய ஒருவர் எமது நாட்டில்தான் அடங்கியிருக்கிறார். ஜூலியா மார்கரட் கமரன். 48 வயதில் மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவோடு தொடங்கி, இங்கிலாந்தில் தன் வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டை ஸ்டூடியோவாகவும் மாற்றிக்கொண்டவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கேயும் படம் பிடித்தார், ஆனால் எஞ்சியிருப்பவை மிகச் சில. மருந்தும் சுத்தமான தண்ணீரும் கிடைப்பது அவருக்கு இங்கே பெரும் பாடாக இருந்தது. 1879இல் இங்கேயே இறந்தார். கபுறு பொகவந்தலாவையில் ஒரு தேவாலய வளவில் இருக்கிறது.

அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறியது. ஜெலட்டின் பூசிய உலர்தட்டு வந்தது. கமராவிலிருந்து எடுத்து நாள்கள் கழித்தும் கழுவலாம். 1880இல் வில்லியம் அப்னி ஐதரோகுயினோனை டெவலப்பராகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் சோடியம் சல்பைற்று சேர்த்தால் மருந்து விரைவில் கெட்டுப்போகாது என்பது தெரிய வந்தது. 1891இல் ஜேர்மனியில் மெற்றோல் வந்தது. அதே ஆண்டில் வந்த ரொடினால் என்ற இன்னொரு மருந்து, 130 ஆண்டுகள் கடந்து இன்றும் விற்பனையில் இருக்கிறது.

மூத்தம்மாவின் நான்கு பொருள்களும் என்ன செய்கின்றன? ஓ.எல். விஞ்ஞானம் போதும். பிலிமில் ஜெலட்டினுக்குள் வெள்ளி ஏலைட்டுப் பளிங்குகள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட பளிங்கில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகும். அது கண்ணுக்குத் தெரியாத வித்து. டெவலப்பர் ஒரு தாழ்த்தி. வித்து விழுந்த பளிங்கை மட்டும் முதலில் தேடிப் பிடித்து, முழுவதையும் வெள்ளியாக மாற்றுகிறது. அந்த வெள்ளிதான் நெகட்டிவின் கறுப்பு.

மெற்றோல் உருவத்தை விரைவாக மேலே கொண்டுவரும்; ஐதரோகுயினோன் கறுப்பை அழுத்தமாக்கும். இரண்டையும் சேர்த்தால் தனித்தனியே செய்வதன் கூட்டுத்தொகையைவிட அதிக வேலை நடக்கும். களைத்துப்போன மெற்றோலை ஐதரோகுயினோன் திரும்ப எழுப்பி விடுவதே காரணம். சல்பைற்று, வளியின் ஒட்சிசன் மருந்தைக் கெடுக்காமல் காவல் நிற்கும். வெண்காரம் மென்மையான காரம். காரம் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சோம்பிக் கிடக்கும்.

கலக்கும் ஒழுங்கும் முக்கியம். கொப்பியில் 'சல்பைற் ஒரு கிள்ளு, பிறகு மெற்றோல், பிறகு மிச்சச் சல்பைற்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இதைப் பார்த்தவுடன் எங்களுக்குப் புல்லரித்தது. சல்பைற்று நிறைந்த தண்ணீரில் மெற்றோல் கரையாது. ஆகவே மெற்றோலை முந்திக் கரைக்க வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரில் போட்டால் ஒட்சியேறத் தொடங்கிவிடும். ஆகவே காவலுக்கு ஒரு கிள்ளு சல்பைற்று முதலில். பாடப் புத்தகத்தில் உள்ள ஒழுங்கும் இதேதான்.

தண்ணீருக்குக் கிணற்றை நம்ப முடியாது. எங்கள் கரையோரக் கிணற்றில் உப்பும் சுண்ணாம்பும். மழைத் தண்ணீரைப் பிடித்து, கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடித்திருக்கிறார். வெண்காரம் வாங்க அவர் தூரம் போகவில்லை. தங்க நகை பற்றவைக்கத் தட்டான் வைத்திருப்பதும் அதே வெண்காரம்தான். ஒன்றரைக் கிராம் நிறுக்கத் தராசும் அங்கேதான். மற்ற மூன்றும் கொழும்பிலிருந்து வரும். 70களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அதுவும் வராமல் போன மாதங்கள் இருந்ததாக மூத்தம்மாமார் சொன்னார்கள்.

மருந்தை மண்ணிறப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி வைத்திருக்கிறார். பாவித்துக் குறையக் குறைய, பிள்ளைகள் விளையாடும் போளைகளைக் கழுவி உள்ளே போடுவாராம். மட்டம் உயரும், காற்று வெளியேறும். மருந்து பிளேன்ரீ நிறத்துக்கு வந்தால் ஊற்ற வேண்டியதுதான்.

இனி வெப்பம். டி-76க்கு 20 பாகை செல்சியஸ் என்பது கணக்கு. ஒரு சாதாரண பிலிமுக்கு ஒன்பது, பத்து நிமிடம் எடுக்கும். எமதூரில் நள்ளிரவிலும் 27, 28 பாகை. சூட்டில் ஜெலட்டின் இளகும், சில வேளை பிலிமின் தோலே சுருங்கிவிடும். மூத்தம்மா பேசினை மண்சட்டித் தண்ணீருக்குள் இறக்கி வைப்பார். மீன்வாடியிலிருந்து ஐஸ் கிடைத்த நாளில் அதை வெளிச்சட்டியில் போடுவார், மருந்துக்குள் போடமாட்டார். சூடு கூடினால் நேரம் குறையும்; 27 பாகைக்கு ஏறக்குறையப் பாதி நேரம் போதும்.

இங்கேதான் அந்த 'மூன்று தஸ்பீஹ்' விளங்கியது. பிலிம் கழுவும்போது சிவப்பு பல்ப்கூடப் போட முடியாது. அது கடதாசியில் படம் அச்சிடும் வேலைக்குத்தான். எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள பிலிமுக்கு முழு இருட்டு வேண்டும். இருட்டில் மணிக்கூடு எப்படிப் பார்ப்பது? இரண்டு கையாலும் பிலிமின் இரண்டு முனைகளைப் பிடித்து, ஊஞ்சல்போல் மருந்துக்குள் மாறி மாறி இறக்கி ஏற்றிக்கொண்டு, வாயால் திக்ரு எண்ணியிருக்கிறார். நாங்கள் ஆறுதலாக நூறு எண்ணிப் பார்த்தோம். ஒன்றே முக்கால் நிமிடம் வந்தது. மூன்று தரம் என்றால் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. பத்தில் பாதி. கணக்கு அப்படியே பொருந்தியது.

பிறகு வினாகிரி கலந்த தண்ணீர், அதன் பிறகு ஹைப்போ. ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேற்று. வெளிச்சம் படாத வெள்ளி உப்பை அது கரைத்து அகற்றும் என்பதை ஜோன் ஹேர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். ஹைப்போ இல்லாவிட்டால் எல்லாப் படமும் வெளிச்சத்தில் முழுக் கறுப்பாகிவிடும். கடைசியாக நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். அலசல் போதாவிட்டால் காலப்போக்கில் படம் மஞ்சளித்து மங்கும். உறைகளில் இருந்த நெகட்டிவ்களில் மிகப் பெரும்பாலானவை அரை நூற்றாண்டு கழித்தும் பளிச்சென்று இருக்கின்றன. ஒவ்வொரு பிலிமுக்கும் அவர் எத்தனை வாளி தண்ணீர் அள்ளியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அவருடைய விரல்கள் எப்போதும் வெடித்துச் சொறிந்தபடி இருந்தன என்று ஒரு மூத்தம்மா சொன்னார். சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்களாம். மெற்றோல் சிலரின் தோலுக்கு ஒவ்வாது. உலகெங்கும் இருட்டறைத் தொழிலாளர்களைப் பிடித்த நோய் அது. கையுறை இல்லாத காலம்.

80களில் வர்ணப் படம் ஊருக்குள் வந்தது. வர்ண பிலிமை 38 பாகைக்குக் கிட்டிய ஒரே வெப்பத்தில், கால் பாகைகூட அதிகம் அசையாமல் கழுவ வேண்டும். அது டவுனில் இருந்த இயந்திரங்களின் வேலை. சாமான் அறைக்குள் மீண்டும் சாமான் வந்தது. அந்த டின்கள் அலுமாரிக்குப் போயின.

பிறகு 2004 டிசம்பர் 26.

இலங்கையில் சுனாமியால் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். கரைப்பக்க வீடுகளில் உயிர் தப்பியவர்களுக்கும் படங்கள் தப்பவில்லை. கல்யாணப் படம், பிள்ளைப் படம், அட்டைப் படம் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. தம் உம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எமதூரில் இன்றும் இருக்கின்றன. உங்களில் சிலர் அந்தக் குடும்பங்கள்தான்.

அந்த டின்கள் இருந்த வீடு வயற்கரைப் பக்கம். தண்ணீர் அங்கே போகவில்லை.

இப்போது விளங்குகிறதா, நாங்கள் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்று?

கொழும்பின் லயனல் வெண்ட்டை நினைத்துப் பாருங்கள். சட்டத்தரணி, பியானோக் கலைஞர், இலங்கையின் ஆகச் சிறந்த படக்கலைஞர்களில் ஒருவர். இருட்டறையில் அவர் செய்து பார்க்காத பரிசோதனை இல்லை. 1944இல் அவர் இறந்த பின்னர் அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவ்வளவு பெரிய மனிதரின் நெகட்டிவ்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு குசினிப் பக்கத்து அறையில் கழுவப்பட்டவற்றை யார் கேட்பார்?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அந்தப் பெண்கள் ஒரு நம்பிக்கையில்தான் கதிரையில் உட்கார்ந்தார்கள். படம் வெளியே போகாது என்ற நம்பிக்கை. நல்ல நோக்கம் இருக்கிறது என்பதற்காக அவற்றைக் கண்காட்சி வைக்கவோ முகநூலில் போடவோ எங்களுக்கு உரிமை இல்லை. அது அமானிதம். வீட்டாரும் மௌலவிமாரும் மூத்தம்மாமாரும் நாங்களும் இருந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எரிப்பதில்லை. காட்டுவதுமில்லை. உரியவரிடம் ஒப்படைப்பது.

கழுவப்படாத சுருள் ஒன்று மிச்சமிருந்தது. அதை யார் கழுவுவது? அந்த மூத்தம்மா செய்ததுபோலப் பெண்களே செய்யட்டும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை ஒருவரும் நான்கு மாணவிகளும் பொறுப்பெடுத்தார்கள். மெற்றோலைத் தேடி அலையவில்லை. 1995இல் அமெரிக்காவின் ரொசெஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்கொட் வில்லியம்ஸ் என்பவரின் வகுப்பு, கோப்பித் தூளாலும் பிலிம் கழுவலாம் என்று காட்டியது. வேலை செய்வது கபேன் அல்ல, கோப்பியில் உள்ள கபேயிக் அமிலம் போன்ற சேர்வைகள். ஒரு லீற்றருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், கரையும் கோப்பித் தூள் 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். அப்பச் சோடா போட்டால் சரிவராது. அதன் காரம் போதாது. பழைய பிலிமில் புகார் படியும் என்பதால் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு கிராம் பொற்றாசியம் புரோமைட்டும் சேர்த்தார்கள்.

முதலில் புதிய பிலிம்கள் இரண்டில் பழகினார்கள். ஒன்று பழுதானது, யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டாவது நன்றாக வந்தது. அதன் பிறகுதான் பழைய சுருள். பழுதானால் இன்னொன்று இல்லை. ஐஸ் கட்டி நடுவில் பேசின், கையுறை, இருட்டு. நேரத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்க முடியாது. மாணவிகள் வெளியே நின்று நிமிடம் நிமிடமாகக் கதவில் தட்டினார்கள்.

மொத்தம் 12 படம். எட்டில் புகார் மட்டுமே. நான்கில் உருவம் வந்தது. ஒன்றில் வெள்ளைச் சீலையும் வெறும் கதிரையும். மூன்றில் பெண்கள். கொப்பியின் கடைசிப் பெயர்களை வைத்து இரண்டு வீட்டாரைக் கண்டுபிடித்து, ஆசிரியை நேரில் போய்க் கையில் கொடுத்தார். ஒரு வீட்டில் படத்தில் இருந்தவரே கதவைத் திறந்தார். "இவ்வளவு காலமும் எங்கடி கிடந்தாய்" என்று படத்தைப் பார்த்துக் கேட்டாராம். மூன்றாமவர் யாரென்று இன்னும் தெரியவில்லை.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். கையுறை போடுங்கள். சமைக்கும் ஏனம் எதையும் எடுக்காதீர்கள். பாவித்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. எங்கள் மணல் தரையில் ஊற்றுவதெல்லாம் கிணற்றுக்குத்தான் போகும்.

இனி எங்கள் வேண்டுகோள்.

1972க்கும் 80களின் நடுப்பகுதிக்கும் இடையில் எமதூரில் அட்டைக்கோ பாஸ்போட்டுக்கோ படக்காரர் வீட்டாரிடம் படம் பிடித்த உங்கள் உம்மா, உம்மம்மா, வாப்பும்மா, ராத்தா யாராவது இருந்தால், பெயரையும் அப்போது இருந்த வீதியையும் எங்கள் உட்பெட்டிக்கு அனுப்புங்கள். பின்னூட்டத்தில் பெயர் போட வேண்டாம். கொப்பியில் பெயர் இருந்தால் எங்கள் ஆசிரியைகள் வீட்டுக்கு வந்து நெகட்டிவைக் கையில் தருவார்கள். வைத்துக்கொள்வதும் அழித்துவிடுவதும் உங்கள் முடிவு. விரும்பினால் அச்சிட்டும் தருவோம். சுனாமியில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்கு இந்தச் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும். முகநூல் பார்க்காத வயதானவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களும் முன்வாருங்கள். நீரில் நனைந்து மை பரவிய சில பக்கங்கள் இன்னும் எங்களுக்கு வாசிபடவில்லை.

ஒப்படைக்கும் ஒவ்வோர் உறையின் மேலும் கழுவியவரின் பெயரையும் எழுதுகிறோம். வீட்டார் சம்மதம் தந்துவிட்டார்கள். பெயரை இங்கே போடவில்லை. உறை கைக்கு வரும்போது வாசித்து, அந்த மூத்தம்மாவுக்கு ஒரு துஆ செய்யுங்கள்.